கயிலைக் கதவும் பரமபத வாசலும்

(திருச்சிராப்பள்ளியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தாய்லாந்தின் மரபுவழித் திருவிழாக்களைப் பயணிகளுக்கு அறிமுகப்படுத்துவதுபோலப் பேச வேண்டும் என்று அறக்கட்டளையார் கேட்டுக்கொண்டார்கள். எந்த மாதம் போகலாம், எங்கே தங்கலாம், என்ன வாங்கலாம் என்பதை என்னைவிட உங்கள் கையிலிருக்கும் கைபேசி நன்றாகவே சொல்லும். நான் சொல்ல வந்தது வேறு. பாங்காக்கின் பழைய அரண்மனைத் திருவிழா ஒன்று நம் மார்கழியின் உறவுக்காரர். அதைப் பார்க்க விமானம் ஏறும் முன், காவிரிப் பாலத்தைக் கடந்து மாம்பழச் சாலை வழியாக ஸ்ரீரங்கத்துக்கும் திருவானைக்காவுக்கும் ஒருமுறை போய்வருவது நல்லது. ஒரு திருவிழாவில் எது சாகும், எது பிழைக்கும் என்ற கேள்விக்கு பாங்காக்கையும் நம் ஊரையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும் என்பது என் கட்சி.

பாங்காக்கில் வாட் சுதாட் என்ற பெரிய பௌத்த ஆலயத்துக்கு எதிரே, சாலை நடுவில், சிவப்பு வண்ணம் பூசிய இரண்டு தேக்குத் தூண்கள் நிற்கின்றன. உயரம் 21 மீட்டருக்குச் சற்று மேல். உச்சியில் வேலைப்பாடு மிகுந்த குறுக்குச் சட்டம். சாவ் சிங் சா என்பார்கள். ஊஞ்சல் தூண் அது, ஆனால் ஊஞ்சல் கிடையாது. சுற்றுலாப் பேருந்துகள் அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடும். படம் எடுப்பவர்களில் பத்தில் ஒருவர்கூட எதிர்ச்சாரியிலுள்ள தேவஸ்தான் என்ற சிறு கோயிலுக்குள் நுழைவதில்லை.

சக்ரி வம்சத்தின் முதல் அரசர் முதலாம் ராமா 1784இல் கட்டிய கோயில் அது. ஊஞ்சலும் அதே ஆண்டு நிறுவப்பட்டதுதான். 1920இல் ஆறாம் ராமா காலத்தில் இன்றைய இடத்துக்கு மாற்றினார்கள். கோயிலில் மூன்று சன்னிதிகள்: சிவனுக்கு ஒன்று, பிள்ளையாருக்கு ஒன்று, நாராயணனுக்கு ஒன்று. வெள்ளுடை உடுத்திக் குடுமி வைத்த அந்தணர்கள் இன்றும் அங்கே பூசை செய்கிறார்கள். தாய்லாந்து மொழி பேசுகிறவர்கள், புத்தரையும் வணங்குகிறவர்கள். அரசர் முடிசூடும்போது சங்கநீர் வார்ப்பதும், மே மாதத்தில் அரச ஏர்பூட்டு விழாவை நடத்துவதும் இவர்கள்தாம். தங்கள் முன்னோர் இராமேசுவரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களிடையே வழங்கும் மரபு.

இந்தக் கோயிலின் ஆண்டுத் திருவிழாவுக்கு த்ரியம்பவாய், த்ரிபவாய் என்று பெயர். விளக்கம் வேண்டாம், திருவெம்பாவை, திருப்பாவை என்று உங்கள் காதே சொல்லியிருக்கும். டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ வரும். வளர்பிறை ஏழாம் நாள் சிவபெருமான் பூமிக்கு இறங்கி வருகிறார். பௌர்ணமிக்கு மறுநாள்வரை பத்து நாள் தங்குகிறார். அன்றே நாராயணன் வருகிறார். அவர் தங்குவது ஐந்து நாள். பத்து நாள் த்ரியம்பவாய், ஐந்து நாள் த்ரிபவாய்.

இதை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். திருவானைக்காவிலும் மலைக்கோட்டைத் தாயுமானவர் கோயிலிலும் மார்கழித் திருவாதிரையில் முடியும் பத்து நாள், மாணிக்கவாசகரை எழுந்தருளச் செய்து, ஓதுவார் திருவெம்பாவையின் இருபது பாட்டையும் பாடுகிறார், பாட்டுக்கொரு தீபாராதனை. மார்கழித் திருவாதிரை பௌர்ணமியை ஒட்டி வருவது. ஆக, அங்கும் இங்கும் அதே வளர்பிறை, அதே பத்து நாள், அதே சிவன். இதைத் தற்செயல் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்புக்கொள்ள மனம் வராது.

இனி ஊஞ்சல். பிரமன் உலகைப் படைத்துவிட்டு, அது உறுதியாக நிற்கிறதா என்று பார்த்துவரச் சிவனை அனுப்பினானாம். நாகங்கள் மலைகளைச் சுற்றிப் பிடித்து உலகை ஆடாமல் வைத்திருந்தன. உறுதி தெரிந்ததும் மகிழ்ந்து கடலில் இறங்கி விளையாடின. தூண்கள் மலைகள், ஊஞ்சலில் ஆடுகிறவர்கள் நாகங்கள். ஒரு பலகையில் நான்கு பேர், மூன்று சுற்று. எதிரே நட்ட உயரமான மூங்கில் கழியில் காசுப் பை தொங்கும். பலகை உச்சிக்கு எழும்போது முன்னால் நிற்பவர் அதைப் பல்லால் கவ்வ வேண்டும். கீழே அரசர் நியமித்த ஒரு பிரபு சிவனாக வேடம் பூண்டு உட்கார்ந்திருப்பார். மூன்று சுற்றும் முடியும்வரை ஒரு காலை மற்றதன்மேல் மடித்து வைத்தபடியே இருக்க வேண்டும். மடித்த கால் தரையில் பட்டால் அந்தணர்கள் அவரிடம் தண்டம் வாங்கலாம் என்பது பழைய வழக்கு. ஊர் முழுக்கத் திரண்டு வந்து பார்த்த வேடிக்கை அது.

1935இல் அது நின்றது. ஆட்டத்தில் விழுந்து செத்தவர்கள் உண்டு என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். 1932இல் நடந்த புரட்சியில் முடியாட்சியின் முழு அதிகாரம் போனது. அரண்மனைச் சடங்குகளுக்குப் போய்க்கொண்டிருந்த பணமும் அதோடு சுருங்கியது. இந்த இரண்டாவது காரணத்துக்கு நான் கூடுதல் எடை தருவேன். அதன்பின் தூண்களை மட்டும் காப்பாற்றி வருகிறார்கள். மரம் உளுத்துப்போனதால் வடக்கிலுள்ள பிரே மாகாணத்திலிருந்து புதிய தேக்கு மரங்கள் கொண்டுவந்து 2007இல் மறுபடி நிறுவினார்கள்.

வேடிக்கை நின்றது, விழா நிற்கவில்லை. இதுதான் இன்று நான் உங்களிடம் சொல்ல வந்த செய்தி. தேவஸ்தானுக்குள் அந்தணர்கள் இன்றும் ஆண்டுதோறும் பதினைந்து நாளும் ஓதுகிறார்கள். பொரி, அவல், வாழைப்பழம், தேங்காய், கரும்பு, கிழங்கு வகைகள் படைக்கிறார்கள். இந்தப் பட்டியலைக் கேட்டதும் நம் வீட்டுப் பெண்களுக்குத் திருவாதிரைக் களியும் ஏழுகறிக் கூட்டும் நினைவுக்கு வரும். கிழங்கில்லாத கூட்டு கூட்டா என்று கேட்கிற மாமியார்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளியே இருந்த ஊஞ்சல் போனாலும் உள்ளே ஒரு சிறிய ஊஞ்சல் இருக்கிறது. அன்னத்தின் வடிவில் அமைந்த ஆசனத்தில் தெய்வத் திருமேனிகளை எழுந்தருளச் செய்து, பாடி, மெல்ல ஆட்டுகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் ஐப்பசி மாதம் உற்சவர் நம்பெருமாளுக்கு ஒன்பது நாள் ஊஞ்சல் உற்சவம் நடக்கிறது. அதைச் சேவித்தவர்கள் பாங்காக்கில் இந்தச் சிறிய ஊஞ்சலின் முன்னால் போய் நின்றால் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியிருக்காது.

விழாவின் முதல் நாள் அந்தணர்கள் ஓதுவதற்குப் பெயர், கயிலாயத்தின் கதவைத் திறத்தல். அன்று சயாம் எனப்பட்ட தாய்லாந்தின் அரண்மனையில் பணியாற்றிய குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர், சயாமிய அரசுச் சடங்குகளைப் பற்றி 1931இல் வெளியிட்ட நூலில் இதை விவரித்திருக்கிறார். ஓதும் பாட்டுகள் கிரந்த எழுத்திலிருந்து கிளைத்த ஒரு லிபியில் ஏட்டிலிருந்தன. ஓதுகிறவர்களுக்குப் பொருள் தெரியாது. பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா 1960களில் அவற்றைத் துருவிப் பார்த்து, திருஞானசம்பந்தரின் தேவாரம் அதற்குள் இருப்பதைக் கண்டு சொன்னார். மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்த சிங்காரவேலு, ஊஞ்சல் விழாவையும் நம் பாவை நோன்பையும் ஒப்பிட்டு விரிவாக எழுதினார். பெயர் திருவெம்பாவை, உள்ளே இருப்பது தேவாரம்! பல நூற்றாண்டாகத் தாய்லாந்து மொழிக்காரர் நாவில் உருண்டு தேய்ந்த தமிழ் அது. ஒரு சொல் புரியாது. ஆனால் ஓதாமல் விட்ட ஆண்டு என்று ஒன்று இருக்கக் கூடாது என்பதில் மட்டும் அவர்கள் கறாராக இருந்திருக்கிறார்கள்.

கதவு திறப்பது என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு வேறு எங்கே நினைப்பு போகும்? வைகுண்ட ஏகாதசி விடியலில் ரத்தினாங்கி அணிந்து நம்பெருமாள் பரமபத வாசலைக் கடக்கிறார். வளர்பிறைப் பதினொன்றாம் நாள் அது. அங்கே கயிலைக் கதவு திறப்பது வளர்பிறை ஏழில். ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று நான் வாதாட வரவில்லை. ஆண்டின் இந்தப் பகுதியில் வானுலகின் வாசல் திறக்கும் என்ற நம்பிக்கை கடலின் இரு கரையிலும் இருந்தது, அதற்குத் தமிழ்ப் பாட்டு வேண்டியிருந்தது என்பதுவரை சொல்லலாம்.

இந்தத் தமிழ்ப் பாட்டு அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியில் நெடுநேரம் நிற்க விரும்பவில்லை. தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவாபா பக்கத்தில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்ற குளத்தையும், அதைக் காக்கும் பொறுப்பிலிருந்த மணிக்கிராமத்தாரையும் சேனாமுகத்தாரையும் அது பேசுகிறது. அவனிநாரணன் என்பது தெள்ளாறெறிந்த மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். அதற்கும் ஐந்தாறு நூற்றாண்டு முன்னதான, தமிழ் பிராமியில் எழுதிய பொற்கொல்லரின் உரைகல் ஒன்று கிராபி மாகாணத்தில் கிடைத்திருக்கிறது. வணிகன் போன இடத்துக்குக் குளமும் போயிற்று, கோயிலும் போயிற்று, பாட்டும் போயிற்று.

அரண்மனையை விட்டுத் தெருவுக்கு வருவோம். சோங்க்ரான் எல்லோருக்கும் தெரிந்த விழா. ஏப்ரல் 13 முதல் 15 வரை. நம் சித்திரை முதல் நாளும் அதற்குள் அடங்கும், இரண்டுக்கும் சூரியன் மேஷத்தில் நுழைவதுதான் கணக்கு. தெருவில் தண்ணீர்த் துப்பாக்கியோடு நிற்கும் இளைஞர்களைத்தான் நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். அன்று காலை வீட்டில் புத்தர் சிலைக்கு நீராட்டி, பெரியவர்களின் உள்ளங்கையில் வாசனை நீர் ஊற்றி ஆசி வாங்குவதுதான் மூலம். போகிற மாணவர்களுக்கு ஒரு சொல்: துறவிகள்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், யார் தலையையும் விளையாட்டுக்குக்கூடத் தொடாதீர்கள், இரு சக்கர வண்டியில் போகிறவர் முகத்தில் அடிக்காதீர்கள், அந்த நாட்களில் சாலை விபத்து அங்கே பெரிய துயரம். அரசாங்கம் 1889இல் ஆண்டுப் பிறப்பை ஏப்ரல் 1 என்று மாற்றியது. 1941இல் ஜனவரி 1 என்று மறுபடி மாற்றியது. மக்கள் சோங்க்ரானை விடவில்லை. 2023இல் யுனெஸ்கோ அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. ஆண்டுப் பிறப்பைச் சட்டம் போட்டு மாற்றுவது பற்றி, 2008இலும் 2011இலும் இரண்டு சட்டங்களைப் பார்த்த நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

நவம்பர் பௌர்ணமியில் லாய் கிராதோங். வாழைத் தண்டை வட்டமாக நறுக்கி, வாழை இலையை மடித்துச் செருகி, பூவும் மெழுகுவத்தியும் ஊதுவத்தியும் வைத்து ஆற்றில் விடுவார்கள். நீருக்கு நன்றி, நீரை அசுத்தப்படுத்தியதற்கு மன்னிப்பு. ஆடிப் பதினெட்டன்று அம்மா மண்டபத்துக்கு வாருங்கள். காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, முளைப்பாரி, வாழை இலையில் ஏற்றிய விளக்கு. புதுப்பெண்கள் தாலிக் கயிறு மாற்றிக்கொள்வார்கள். இங்கே காவிரி மசக்கைக்காரி. அவளுக்குச் சித்திரான்னம் படைக்கிறோம். அரங்கனே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளிக் காவிரிக்குச் சேலையும் மாலையும் சீராகக் கொடுக்கிறார். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. படித்துறையின் நிலையைப் பார்த்தால், கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று தோன்றுகிறது. பாங்காக் மாநகராட்சி மறுநாள் காலையில் ஆற்றிலிருந்து அள்ளிய கிராதோங்குகளை எண்ணி, வாழையில் செய்தது எத்தனை, நுரைப் பிளாஸ்டிக்கில் செய்தது எத்தனை என்று ஆண்டுதோறும் வெளியிடுகிறது. ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் நாமும் அப்படி ஒரு கணக்கு எடுக்கலாம்.

பாங்காக் சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. விஜயதசமி மாலை அம்மன் புறப்பாட்டுக்காகச் சாலையில் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். இரு மருங்கிலும் மேசை போட்டு, செவ்வந்தியும் தேங்காயும் மஞ்சளும் பரப்பி, பிள்ளையார் சிலை வைத்துக் காத்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். நேர்த்திக்கடனும் அவர்களுடையதுதான். இங்கே நம் சமயபுரத்து மாரியம்மன் மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதலில் தொடங்கி, பக்தர்களுக்காகத் தானே இருபத்தெட்டு நாள் பச்சைப் பட்டினி கிடக்கிறாள். துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும்தான் அவளுக்கு. தைப்பூசத்தன்று கொள்ளிடக் கரையில் அண்ணன் அரங்கனிடமிருந்து சீர் வாங்குகிறாள். வைணவப் பெருங்கோயிலும் கிராமத்து அம்மனும் அண்ணன் தங்கையாகிற ஊரில் வளர்ந்தவர்களுக்கு, பௌத்தர்கள் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைப்பதில் வியப்படைய ஒன்றுமில்லை.

கடைசியாக நம் வீட்டுக்கு வருகிறேன். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி விழா திருநெடுந்தாண்டகத்தில் தொடங்கி, பகல்பத்து, இராப்பத்து என்று மூன்று வாரம் நடப்பது. செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் அது ஒரே ஒரு விடியற்காலை ஆகிவிட்டது. அந்த ஒரு நாளில் லட்சக்கணக்கானோர் நெருக்கியடித்து வாசலைக் கடக்கிறார்கள். இராப்பத்தில் மற்றப் பெரும்பாலான நாட்களிலும் அதே வாசல் திறந்துதான் இருக்கிறது. நின்று நிதானமாகப் போய்வரலாம். இதைச் சொல்லாத பயண வழிகாட்டி என்ன வழிகாட்டி?

வாசலைவிட முக்கியமானது அர்ச்சுன மண்டபத்தில் நடக்கிறது. பகல்பத்து நாட்களில் நம்பெருமாள் அங்கே வந்து அமர்கிறார். எதிரே, பாசுரம் பாடி அபிநயிக்கும் மரபினரான அரையர் நிற்கிறார்: காதுவரை இறங்கும் கூம்பு வடிவக் குல்லாய் தலையில், பெருமாள் சாற்றிக் களைந்த மாலை தோளில், வெண்கலத் தாளம் கையில். ஆழ்வார் பாசுரத்தைப் பாடுகிறார். ஒரு பாசுரத்தை எடுத்து, அதே அடிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அபிநயம் பிடிக்கிறார். வியாக்கியானம் சொல்கிறார். கம்ச வதம், அமிர்த மதனம், இராவண வதம் எல்லாம் இரண்டு கைகளிலும் ஒரு முகத்திலும் நடந்து முடியும். திரை இல்லை, விளக்கு வெளிச்சம் பாய்ச்சுவதில்லை, கைதட்டல் இல்லை. கேட்க வேண்டியவர் ஒருவர்தான், அவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். இந்த மரபு தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி என்று விரல்விட்டு எண்ணும் தலங்களில்தான் எஞ்சியிருக்கிறது. ஏகாதசியன்று வந்த கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அரையர் சேவைக்கு இருப்பதில்லை.

வெளிநாட்டுப் பயணி ஒருவரை அழைத்து வருகிறீர்கள் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஆரியபடாள் வாசலுக்கு உள்ளே பிற சமயத்தார் போக முடியாது. ஆயிரங்கால் மண்டபமும் மணல்வெளியும் அதற்கு வெளியேதான் இருக்கின்றன. இராப்பத்து எட்டாம் நாள் மாலை மணல்வெளியில் வேடுபரி. நம்பெருமாள் தங்கக் குதிரையில் முன்னும் பின்னும் பாய்ந்து ஓடி வருவார், திருமங்கை மன்னன் வழிமறித்துக் கொள்ளையடிப்பார், பின்பு திருந்துவார். சீர்பாதந்தாங்கிகள் அந்தக் குதிரையைத் தோளில் சுமந்து ஓடுகிற வேகத்தை ஒருமுறை பார்த்தவர் மறுபடி கேட்டுக்கொண்டு வருவார். மொழியே தேவையில்லை.

பாங்காக்கில் ஊஞ்சல் நின்றபோது விழா தப்பியதற்குக் காரணம், யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஓத வேண்டியதை ஓதிய சில குடும்பங்கள். அவர்களுக்குப் பொருள் தெரியாது. நமக்குத் தெரியும், தெரிந்தும் போவதில்லை. நம் நிலைமைதான் மோசம் என்று நான் கூசாமல் சொல்வேன். வாசல் திறப்புக்கு ஒதுக்கும் பணத்திலும் காவலிலும் விளம்பரத்திலும் ஒரு சிறு பகுதியாவது அரையர் குடும்பங்களுக்கும் ஓதுவார்களுக்கும் போய்ச் சேர வேண்டும். ஓதுவார் பணியிடம் காலியாக இருக்கும் சிவன் கோயிலில் திருவெம்பாவையை ஒலிபெருக்கியில் தட்டிவிட்டால் போதும் என்று நினைப்பது பிழைக்காத வழி.

மாணவர்களிடம் ஒரு விண்ணப்பம். பாங்காக் போகிறவர்கள் ஜனவரியில் போனால், முன்கூட்டியே நாள் விசாரித்துக்கொண்டு தேவஸ்தானுக்குள் நுழைந்து ஓரமாக உட்காருங்கள். போக முடியாதவர்களுக்கு ஒரு டவுன் பஸ் டிக்கெட் போதும். இந்த மார்கழியில் பகல்பத்தில் ஏதாவது ஒரு நாள், சனி ஞாயிறு தவிர்த்து, அர்ச்சுன மண்டபத்துக்குப் போங்கள். கைபேசியை அணைத்துவிட்டு ஒரு பாசுரமாவது முழுக்கக் கேளுங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் உங்களில் ஒருவர் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று அறக்கட்டளையாரை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.